நல்ல கிருமிகளுக்கு ஒரு குளுகுளு அறை

முகவரி மாற்ற அலுவலகத்தின் சிப்பந்திகள் பொதுமக்கள் மேல் எரிந்து விழுகிறார்கள் என்று புகாருக்கு மேல் புகார் வந்தபடியால், அதன் காரணத்தைக் கண்டறிய ஒரு குழு அமைக்கப்பட்டது. குழு பலமுறை கூடி, தட்டுத் தட்டாக பிஸ்கட் தின்று, ஆழ்ந்து ஆராய்ந்து, காரணம் மலச்சிக்கல்தான் என்று முடிவு கட்டியது. சிப்பந்திகளில் ஒருவரையும் கேட்கவில்லை. கேட்டால் ஆராய்ச்சியின் நடுநிலைமை கெட்டுவிடுமாம்.

சேதி கேட்டு விழுந்து விழுந்து சிரித்தவர், ஜன்னலோரம் உட்கார்ந்து முத்திரை குத்தும் முத்திரை அண்ணன். அவருக்கு மலச்சிக்கல் என்றால் என்னவென்றே தெரியாது. வீட்டில் காலையில் மச்சினன் போனும் கையுமாகக் கழிப்பறைக்குள் புகுந்தால், உலக நடப்பு பூராவும் பார்த்து முடிக்காமல் வெளியே வரமாட்டான். அதனால் அண்ணன் தன் வயிற்றை ஆபீசுக்குப் பழக்கி வைத்திருந்தார். பதினோரு மணி டீ உள்ளே இறங்கினதும் வயிறு கூப்பிடும். தாழ்வாரத்துக் கோடியிலிருக்கும் கழிப்பறைக்குப் போவார், முகம் மலர்ந்து திரும்புவார். உத்தியோகத்தில் அவர் கண்ட ஒரே சுகம் அதுதான்.

இயக்குநர் அப்போதுதான் ஏதோ மாநாட்டுக்குப் போய்த் திரும்பியிருந்தார். போகும்போது சாதாரண மனுஷன். வரும்போது வாயைத் திறந்தால் குடல், மூடினால் கிருமி.

"நம்ம குணமெல்லாம் நம்ம குடல்லதான் இருக்கு. நல்ல கிருமி உள்ள போனா நல்ல வார்த்தை வெளிய வரும்" என்று கூட்டத்தில் முழங்கினார். ப்ரோபயாடிக் மாத்திரையாம். பெரிய மனிதர்கள் எல்லாரும் இப்போது அதைத்தான் விழுங்குகிறார்களாம். அன்றே ஒரு நல அலுவலர் நியமிக்கப்பட்டு, டப்பாவும் கையுமாக ஜன்னல் ஜன்னலாக வந்தார்.

"எனக்கு அப்படி ஒண்ணும் இல்லீங்களே, சார்" என்றார் அண்ணன்.

"இல்லைங்கிறதுதான் முதல் அறிகுறி. வாயைத் திறங்க."

மாத்திரையோடு போயிருந்தால் தொலையட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் கிருமிகள் உயிருள்ள ஜீவன்கள், வெக்கை தாங்காது. சிப்பந்திகள் உட்காரும் கூடத்தில் ஒரே ஒரு மின்விசிறி, அதுவும் மனசு வைத்தால்தான் சுற்றும். ஆகவே கட்டடத்திலேயே குளிர்ந்த இடம் எது என்று தேடி, வெயில் படாத, சுவரெல்லாம் டைல்ஸ் பதித்த கோடி அறையைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏசி மாட்டி, கழிப்பறைப் பீங்கானைச் சுற்றி அலமாரி அடித்து, பூட்டும் போட்டாயிற்று. கதவில் பலகை: 'நல்ல கிருமிக் காப்பகம். அனுமதியின்றி நுழையக் கூடாது.'

பதினோரு மணிக்கு வழக்கம்போல நடந்து வந்த அண்ணன் பலகையைப் பார்த்து அப்படியே நின்றார். பின்னாலேயே வந்த, பக்கத்து ஜன்னல் தட்டச்சு அக்காவுக்கும் முகம் செத்துப்போயிற்று. அந்தக் கட்டடத்தில் சிப்பந்திகள் எல்லாருக்கும் இருந்ததே அந்த ஒரு கழிப்பறைதான். இரண்டு பேருமாக இயக்குநர் அறைக்கு ஓடினார்கள்.

"சார், நாங்க எங்க போறது?"

"எதுக்கு?"

அக்கா தரையைப் பார்த்தாள். அண்ணன் கூரையைப் பார்த்தார். இயக்குநருக்கு விளங்கிவிட்டது. பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

"உங்களுக்கு மலச்சிக்கல்னு குழுவே சொல்லிடுச்சு. மலச்சிக்கல் இருக்கறவங்களுக்குக் கழிப்பறை எதுக்கு? குணமானாத்தானே தேவைப்படும்? முதல்ல வரட்டும். வந்தா பார்க்கலாம்."

"வந்துதான் சார் நிக்கறேன்!"

"அது உங்க நினைப்பு. வந்ததா இல்லையான்னு நல அலுவலர்தான் சொல்லணும். அவர் மதியம் வருவார்."

மதியம் அவர் வருவதற்குள் வயிறு கோபித்துக்கொண்டு அடங்கிவிட்டது. ரோஷமான வயிறு. மறுநாளும் கூப்பிடவில்லை, அதற்கு மறுநாளும் இல்லை. அக்கா தண்ணீர் குடிப்பதையே விட்டாள். ஆபீஸ் முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. "குழு சொன்னது எவ்வளவு சரி, பாருங்க!" என்று பூரித்துப்போன நல அலுவலர் மாத்திரையை இரண்டாக்கினார். ஜன்னலில் முன்னே கத்திக்கொண்டிருந்த சிப்பந்திகள் இப்போது கத்தத் தெம்பில்லாமல் முறைத்தார்கள். கத்தல் நின்றது மாத்திரையின் மகிமை என்று மேலிடத்துக்குத் தெரிவிக்கப்பட்டது.

வீட்டிலும் விடிவு இல்லை. "உன் தம்பியை வெளிய வரச் சொல்லுடி!" என்று அண்ணன் கதறினால், "ஒரே ஒரு வீடியோ மாமா" என்று கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

மகிமையை நேரில் காண மேலிடத்துப் பெரிய அதிகாரி வந்தார். அன்று உண்மையைப் போட்டு உடைத்துவிடுவது, வேலை போனாலும் போகட்டும் என்று அண்ணன் கங்கணம் கட்டிக்கொண்டு வந்திருந்தார். கூட்டத்தில் எல்லாருக்கும் டீ கொடுத்தார்கள். மணி பதினொன்று. குடித்தார்.

"இவர்தான் எங்க மூத்த சிப்பந்தி. சொல்லுங்க, மாத்திரை எப்படி?" என்றார் இயக்குநர்.

அண்ணன் எழுந்தார். "ஐயா, உள்ளதைச் சொல்லணும்னா..."

அந்த நேரம் பார்த்து வயிறு கூப்பிட்டது. எத்தனை நாள் கழித்து! உண்மையைச் சொன்னால் கேள்வி வரும், விசாரணை வரும், முடியச் சாயங்காலம் ஆகும். வயிறோ இன்னொரு தரம் கூப்பிட்டது. அண்ணனுக்கு வியர்த்துக் கொட்டியது.

"...மாத்திரை பிரமாதம் ஐயா! இதோ, இப்பவே வருது! சாவி! சாவியைக் குடுங்க!"

கூடம் கைதட்டலில் அதிர்ந்தது. இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெரிய அதிகாரி தம் கையாலேயே காப்பகத்தைத் திறந்துவைக்க, அண்ணன் உள்ளே பாய்ந்தார். மாத்திரை டப்பாக்களுக்கு நடுவே, ஏசி காற்றில், அடடா, அது சொர்க்கம். முகம் மலர்ந்து வெளியே வந்தவரைப் படம் பிடித்தார்கள்.

அதே வாரம் எல்லா அலுவலகங்களுக்கும் ஆணை பறந்தது: மாத்திரை கட்டாயம், ஆங்காங்கே குளிர்ந்த அறை ஒன்றைக் காப்பகமாக்கவும். கண்கூடான சாட்சியான அண்ணனுக்குக் காப்பாளர் பதவி. சம்பளம் ஏறவில்லை, சாவி கிடைத்தது. சம்பளம் யாருக்கு வேணும்?

ஒருநாள் பதினோரு மணிக்குக் குளுகுளுவென்று போய்வந்து, அவர் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தபோது தட்டச்சு அக்கா ஓடி வந்தாள்.

"அண்ணே, நல்லா இருப்பீங்க, ஒரே ஒரு நிமிஷம் திறங்கண்ணே."

பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் இவளுக்குத் திறந்தால் நாளைக்கு அத்தனை பேரும் வந்து நிற்பார்கள். அத்தனை பேரும் வந்தால் காப்பகம் பழையபடி கழிப்பறையாகிவிடும். அண்ணன் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"முதல்ல வரட்டும்மா. வந்தா பார்க்கலாம்."

அக்கா ஜன்னலுக்குத் திரும்பி வந்து, காலையிலிருந்து கால்கடுக்க நின்ற பெரியவரிடம், "இன்னிக்கு முடியாது, போங்க!" என்று சீறினாள். பெரியவர் கோபப்படவில்லை. பின்னால் நின்றவரிடம் திரும்பி, "பாவம், வயித்துல சிக்கல் போல" என்றார். "ஒரு மாத்திரை வந்திருக்கு. நானும் அதான் போடறேன்."

"அப்படியா? எங்க கிடைக்கும்?" என்று வரிசை முழுக்கக் கழுத்தை நீட்டியது.