முயல் தொட்டிப் பரணி

வாழ்க மர்டோக் மெக்குவில்கன்! பனிக்காற்று எலும்பைத் துளைக்கும் இன்வர்காகில் நகரின் மணிமுடியே, இருபத்தெட்டு ஆண்டுகள் பால் லாரி ஓட்டியும் ஒரு சொட்டுச் சிந்தாத திண்தோளாளனே, வழுக்கைத் தலை நிலவென ஒளிரும் வித்தகனே, நின் வெற்றியைப் பாடப் புகுந்தோம், நாவே, தடுமாறாதே!

ஹேகிஸ் என்னும் கார்வண்ண ஆண்முயலும் புளூபெல் என்னும் வெண்பஞ்சுப் பெண்முயலும், ஒரே புல்லை இருமுனையிலும் கடித்து வந்து நடுவே மூக்குரசும் காதலராய் அவன் மனையில் வாழ்ந்திருந்தனர். ஒரே ஈற்றில் ஏழு குட்டிகள் பிறக்க, ஏழுக்கும் புகலிடம் தேடிக் கால் தேய்ந்த அவன் மனைவி இசோபெல் ஆணையிட, ஹேகிஸ் காயடிக்கப்பட்டான்.

"ஆறு வாரம் ரெண்டையும் பிரிச்சே வையுங்க. அதுவரைக்கும் அவனால அப்பாவாக முடியும்," என்றார் விலங்கு மருத்துவர் மெரியானா.

துணி துவைக்கும் அறையின் நடுவே கம்பிவலை எழுந்தது. அந்தோ! மருந்து நாற்றத்தோடு மீண்ட மணாளனைப் புளூபெல் அறியாள். எவனோ பகையரசன் என்றெண்ணிப் பின்னங்காலால் தரையை அறைந்தாள். முரசென அதிர்ந்தது வீடு. ஒருவர் மணம் மற்றவர்க்கு மறவாதிருக்க, நாற்பத்திரண்டு காலையும் அவர்தம் கம்பளிகளை இடம் மாற்றி விரித்தான் மர்டோக். முரசு அடங்கவில்லை.

"இதுங்க ஒத்துப்போகலன்னா புளூபெல்ல கோர் ஊர்ல இருக்கிற என் தங்கச்சிகிட்ட குடுத்துடுவேன், மர்டோக். சும்மா சொல்லல," என்று இசோபெல் முழங்கினாள்.

வேல் பாய்ந்த வேழமெனத் துடித்தான் வீரன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், அவன் சொல்லும் பழங்கதைகளை இடைமறிக்காது கேட்பவள் இவ்வுலகில் புளூபெல் ஒருத்தியே அன்றோ!

நாற்பத்து மூன்றாம் நாள், ஒரு திங்கட்கிழமைக் காலை, இருவர்க்கும் உரிமையற்ற பொதுநிலமாகிய குளியல் தொட்டியைக் களமாக வரித்தான். முழங்கால் மட்டும் ரப்பர் பூட்ஸ் பூண்டு, அடுப்புக் கையுறையைக் கவசமாக்கி, குப்பை அள்ளும் தட்டைக் கேடயமாக ஏந்தி, இரு முயல்களையும் தொட்டிக்குள் விட்டு, பிசைந்த வாழைப்பழக் கிண்ணத்தோடு தானும் இறங்கினான். இரு முயல்களின் நெற்றியிலும் அதைப் பூசினால் ஒன்றையொன்று நக்கிச் சமாதானமாகும் என்பது மெரியானா அருளிய மந்திரம்.

பூச விட்டால்தானே! புளூபெல் பாய்ந்தாள், ஹேகிஸ் சுழன்றான், இருவரும் ஒரு சக்கரமாய் உருள, ஊழிக்காலப் பனிமழையென மயிர் பறந்தது. மும்முறை கேடயத்தை நடுவே செருகினான் மர்டோக். மூன்றாம் முறை புளூபெல்லின் பல் கையுறையைத் துளைக்க, பூட்ஸ் வழுக்க, இடியுண்ட மலையென மல்லாந்து வீழ்ந்தான்; கிண்ணம் விண்ணேறி, கவிழ்ந்து, அந்த நிலவொளித் தலைமேல் முழுவதும் பொழிந்தது.

உருண்ட சக்கரம் நின்றது. வலத்தோளில் ஏறினான் ஹேகிஸ். இடத்தோளில் ஏறினாள் புளூபெல். அவள் ஒருபுறம் நக்க, அவன் மறுபுறம் நக்க, வழுக்கையின் உச்சியில் பழம் தீர்ந்த இடத்தில் இரு நாவும் சந்தித்தன. திடுக்கிட்டு நின்றாள் புளூபெல், முகர்ந்தாள், மீண்டும் முகர்ந்தாள், பின் மெல்லத் தலைதாழ்த்த, ஹேகிஸ் அவள் நெற்றியை நக்கலானான். பாரம் சுமந்த பெருமகனின் கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் இறங்கிற்று.

கதவு திறந்தது, தோளில் துண்டோடு நின்றாள் இசோபெல்.

"என்ன மர்டோக் பண்ற அங்க?"

"பேசாத, இசோபெல். சமாதானம் ஆயிட்டிருக்கு."

துண்டை மறுதோளுக்கு மாற்றினாள் அவள். "சரி, தங்கச்சிகிட்ட வேணாம்னு சொல்லிடறேன். நீ எழுந்திரு, நான் குளிக்கணும்."

புது நட்பு உறுதிப்படும்வரை மூன்று நாள் முயல்களைத் தொட்டியிலிருந்து இடம் மாற்றலாகாது என்று தொலைபேசியில் தீர்ப்பளித்தார் மெரியானா.

வியாழக்கிழமை வரை அந்த வீட்டில் யாரும் குளிக்கவில்லை.