பேக்கிங்காரர் பிடித்த கட்டைவிரல்

எங்கள் லைனுக்கு எமன் வந்தால்கூட உட்காரச் சொல்லி ஒரு டம்ளர் காபி கொடுப்பார்கள். பேக்கிங்காரர் வந்தால் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

ஓசூரிலிருந்து பாகலூர் போகிற ரோட்டில், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்து வீடு. அதுதான் எங்கள் லைன். பெரும்பாலும் கம்பெனிக்குப் போகிறவர்கள். முதல் வீட்டில் வீட்டுக்காரம்மா வெங்கடம்மா. வாடகையைத் தமிழில் கேட்பார், திட்டுவது தெலுங்கில். கடைசி வீட்டுக்கும் அப்பால், வேப்பமரத்தை ஒட்டிய தகரக் கொட்டகையில் தனியாக இருந்தவர்தான் பேக்கிங்காரர். அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. ஓட்டு கேட்டு வந்தவர்கள்கூட, "பேக்கிங் அண்ணே, மறந்துடாதீங்க" என்றுதான் தூர நின்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

பெயருக்குக் காரணம் உண்டு. ஒரு கம்பெனியில் முப்பது வருஷம் டெஸ்பாட்ச் செக்‌ஷனில் இருந்தவர். மெஷினை மரப்பெட்டியில் வைத்துக் கட்டி லாரி ஏற்றுவது வேலை. அவர் கட்டினால் கப்பலில் போனாலும் ஒரு போல்ட்டு அசையாதாம். அப்போது ஒரு நாள், தெற்கத்திப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து ரூமில் தங்கியிருந்த பையன் ஒருவன் இறந்துபோனான். கூட இருந்தவர்கள் சின்னப் பையன்கள், சொந்தம் என்று பக்கத்தில் ஒருவரும் இல்லை. இவர் போய்க் குளிப்பாட்டி, கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டி, துணி சுற்றி, ஆம்புலன்ஸில் ஏற்றி, ஊர் வரைக்கும் கூடவே உட்கார்ந்து போனார். அன்றிலிருந்து இந்தப் பக்கம் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் அவருக்குத்தான் ஆள் போகும். காசு வாங்கமாட்டார். எட்டு முழ வேட்டி போர்த்தினாலும் மடித்து அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுவார்.

இது புண்ணியம்தானே, பிறகு ஏன் கதவைச் சாத்தவேண்டும் என்று கேட்பீர்கள். கூப்பிட ஆள் போவதற்கு முன்பே அவர் வந்துவிடுகிறார் என்று ஒரு பேச்சு இருந்தது. நான்காம் வீட்டு டெய்லரைப் பார்க்க வந்து அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். நான்காம் நாள் டெய்லர் இல்லை. டெய்லருக்கு எண்பது வயது, ஆறு மாதமாகப் படுக்கை என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. காய்ச்சல் என்று லீவு போட்டுப் படுத்திருந்த எட்டாம் வீட்டுப் பையன், பேக்கிங்காரர் முனை திரும்புவதைப் பார்த்துவிட்டு, போர்வையோடு ஓடி கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டான். எங்கள் லைனில் டாக்டர் குணப்படுத்தியதைவிட அவர் நிழல் குணப்படுத்தியது அதிகம்.

அப்பேர்ப்பட்டவர் என் கால்மாட்டில் வந்து உட்கார்ந்தார்.

எனக்குப் பிரஸ் ஷாப்பில் வேலை. கனமான அச்சு ஒன்றைத் தூக்கப்போய் முதுகில் ஜவ்வு பிதுங்கி, நரம்பை அழுத்தி, கடைசியில் ஆபரேஷன் ஆயிற்று. ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்றார்கள். ஆனால் இடது கால் முழங்காலுக்குக் கீழே மரத்துப்போய்க் கிடந்தது. "நரம்பு மெதுவாத்தான் முழிக்கும். ஆறு வாரம் பாக்கலாம்" என்றார் டாக்டர். ஆறு வாரத்தில் முழிக்காவிட்டால் என்ன என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிரஸ் பெடலை மிதிக்கிற கால் அது. அது போனால் வேலை போகும். கக்கூஸுக்குப் போவதற்குக்கூட என் மனைவி செல்வியின் தோள்தான் என்றாகிவிடும். "சந்திரசூடேஸ்வரா, இந்தக் கால மட்டும் குடுத்துடு, உன் மலைப்படி அத்தனையும் ஏறி வரோம்" என்று அவள் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள். நானும் காலையில் திருநீறு பூசிக்கொண்டு, படுத்தபடியே, யாரையாவது உதவிக்கு அனுப்பு சாமி என்று வேண்டிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள். மத்தியானம் மூன்று மணி. எங்கள் லைனில் நடுராத்திரிகூட ஆள் நடமாட்டம் இருக்கும். மூன்று மணிக்கு இருக்காது. ஒரு ஷிப்ட் போயிருக்கும், மற்ற இரண்டு ஷிப்டும் தூங்கும். காக்கா கத்தாது. அந்த நேரத்தில் வாசல் வெளிச்சம் திடீரென்று மறைந்தது. செருப்புச் சத்தமே இல்லை. காக்கி பேண்ட், காதில் பென்சில், கையில் ஒரு துண்டுச் சணல் கயிறு. அவர்தான்.

கட்டிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி கட்டிலைப் பார்த்தார்.

"வாசலப் பாத்துக் கால் நீட்ட வச்சிருக்கீங்க."

"வேற இடம் இல்லீங்க" என்றாள் செல்வி. சொல்லிவிட்டு அடுப்படிப் பக்கம் ஒதுங்கினாள்.

"அது எங்க டிபார்ட்மெண்டும்மா. திருப்பிப் போடுங்க."

சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார். வெங்கடம்மாவும் செல்வியும், என்னை இறக்காமலேயே, மூச்சுப் பிடித்துக் கட்டிலைத் திருப்பினார்கள். தையல் பிரியாமல் நான் தப்பியது ஆண்டவன் செயல்.

மறுநாளும் மூன்று மணிக்கு வந்தார். நோயாளியைப் பார்க்க வருகிற யாரும் தலைமாட்டில் உட்காருவார்கள். எப்படி இருக்கு, சாப்டியா என்பார்கள். இவர் ஸ்டூலை இழுத்துக் கால்மாட்டில் போட்டார். பேச்சே இல்லை. மடியில் அந்தச் சணல். அதில் ஒரு முடிச்சுப் போடுவார், அவிழ்ப்பார், போடுவார், அவிழ்ப்பார். கண் மட்டும் என் பாதத்தை விட்டு நகரவில்லை. பிறகு மெல்லக் கையை நீட்டி என் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துப் பிடித்தார்.

நான் அதை இன்னும் மறக்கவில்லை. வலது விரலில் அவர் கை காய்ப்புக் காய்ப்பாக உறைத்தது. இடது விரலையும் பிடித்திருக்கிறார் என்பது என் கண்ணுக்குத் தெரிகிறது, காலுக்குத் தெரியவில்லை. பாதி உடம்பு முன்கூட்டியே அவர் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது போல இருந்தது. சிவசிவா என்று சொல்ல நினைத்தேன். வாயில் காற்றுதான் வந்தது.

எழுந்தார். கிளம்பிவிட்டார்.

செல்வி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "என்னாங்க, போயிட்டு வரேன்னு ஒரு வார்த்த சொன்னாரா?"

"இல்ல."

"நேத்தும் சொல்லல!" அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போதுதான் போயிட்டு வரேன் என்று சொல்லக்கூடாது. சொல்லாமல் எழுந்து போகவேண்டும். மற்ற வீட்டில் எதிரிகூடச் சொல்லிவிட்டுத்தான் போவான். இவர் எங்கள் வீட்டிலிருந்து சொல்லாமல் போகிறார் என்றால், இதை எந்த வீடாக நினைத்துக்கொண்டிருக்கிறார்?

அன்று சாயங்காலமே செல்வி எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் கோத்து நிலைப்படியில் கட்டினாள். மறுநாள் மூன்று மணிக்கு வந்தவர் அதை அண்ணாந்து பார்த்தார். "முடிச்சு சரியில்லயே" என்று தன் சணலை எடுத்து, அசையாமல் இறுக்கிக் கட்டிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். அதற்கும் மறுநாள் செல்வி கதவைத் தாழ்போட்டாள். அவர் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டு, கம்பி வழியாக என் காலைப் பார்த்தார். அரைமணி நேரம். உள்ளே உட்கார்ந்திருந்ததே தேவலாம் என்று நானே கதவைத் திறக்கச் சொன்னேன்.

வெங்கடம்மா தன் வாசலிலிருந்தே எச்சரிக்கை கொடுப்பார். "ஒச்சினாடு! செல்வி, ஒச்சினாடு!" வந்துவிட்டான் என்று அர்த்தம். அதைக் கேட்டதும் வலது காலும் சேர்ந்து மரத்துப்போகும்.

ஒரு நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "அண்ணே, அந்த மொத பையன் ஞாபகம் இருக்குதா?" என்று கேட்டேன். ஏதாவது பேசட்டும் என்றுதான்.

முடிச்சுப் போடுவதை நிறுத்தினார். "பத்து மணி நேரம் வண்டி. ரோடு பூராவும் பள்ளம். பையன் ஊட்டுக்குப் போனதும் அவங்கம்மா தொறந்து பாத்துது. தலமுடி கூடக் கலையலயே சாமின்னுச்சு." சணலை ஓரமாக வைத்துவிட்டு, "அலுங்காம குடுக்கணும் தம்பி. அம்புட்டுதான்" என்றார். மறுபடியும் கட்டைவிரலைப் பிடித்தார். எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது. பயமும் போகவில்லை.

நாள் போனது. அவர் வராத நாள் இல்லை. நான் செல்வியிடம் சொல்லாமல் மனதுக்குள் ஹாஸ்டலில் படிக்கிற எங்கள் பெண்ணின் கல்யாணத்தைச் செல்வியின் தம்பியிடம் ஒப்படைத்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவது வாரமும் வந்துவிட்டது. குண்டூசியால் குத்தினாலும் இடது பாதம் ஊமையாகக் கிடந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. செல்வி சாமி படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். மூன்று மணி. ஸ்டூல். சணல். கை நீண்டது, விரல்களைப் பிடித்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

யாரோ இடது கட்டைவிரலைப் பிடிக்கிறார்கள்.

கண்ணால் பார்க்கவில்லை. கண்தான் மூடியிருக்கிறதே. காய்ப்புப் பிடித்த கை, கொஞ்சம் சூடு, எறும்பு ஊர்வது போல ஒரு சுருக்கு. "அய்யோ!" என்று அலறிக் காலை இழுத்துக்கொண்டேன்.

என் அலறல் ஒன்றுமில்லை. அவர் அலறினாரே, அதுதான் அலறல். ஸ்டூலோடு பின்னால் சாய்ந்து, தண்ணிக் குடத்தை உருட்டி, சுவரோடு ஒட்டி உட்கார்ந்து, தன் கையையே பேயைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். செல்வி பூக்கூடையைப் போட்டுவிட்டுக் கத்தினாள். வீட்டுக்குள் மூன்று அலறல் கேட்டதும் வெங்கடம்மா வெளியே மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியே ஆரம்பித்துவிட்டார். தூங்கிக்கொண்டிருந்த லைன் முழுக்க லுங்கியோடு ஓடி வந்தது. பக்கத்து வீட்டு சூப்பர்வைசர் அதற்குள் கம்பெனிக்கு போன் போட்டு, "சார், எங்க லைன்ல ஒரு டெத்து, நைட் ஷிப்டுக்கு வர முடியாது" என்று சொல்லிவிட்டே உள்ளே வந்தார். நான் உட்கார்ந்தபடி அவரைப் பார்த்தேன். அவருக்கு முகம் விழுந்துவிட்டது.

பேக்கிங்காரர் தன் கையைத் தூக்கிக் காட்டினார். "தம்பி… எத்தன வருசமா எத்தன காலப் புடிச்சிருக்கேன். என் கையிலேருந்து கால இழுத்துக்கிட்ட மொத ஆளு நீதான்பா."

சொல்லிவிட்டு, அத்தனை பேருக்கும் முன்னால் விசும்பி விசும்பி அழுதார்.

கூட்டம் கலைந்த பிறகு செல்வி அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். அவராகவே பேசினார். "மொத தடவ புடிச்சப்ப இந்த வெரல் சில்லுன்னு இருந்துச்சும்மா. அந்தச் சில்லு எனக்குத் தெரியும். ஆனா அடியில, உள்ள, ஒரு சூடு இருந்துச்சு. எங்க சரக்குல அது இருக்காது. அதான் தெனமும் வந்து புடிச்சுப் பாத்தேன். ஏறுதா எறங்குதான்னு. ஒரு நாளுக்கு ஒரு நாள் ஏறிக்கிட்டேதான் இருந்துச்சு."

"அதச் சொல்லியிருக்கலாம்ல அண்ணா! நாங்க எப்பிடி பயந்து கெடந்தோம்!"

"எறங்கிட்டா?" என்றார் அவர். "சொன்ன வாய் என்னாத்துக்கு ஆவும்?"

செல்வி விடவில்லை. "சரி, போயிட்டு வரேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போனா என்னாவாம்? சாவு வூடா இது?"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை, ஆச்சரியம்தான். "நானு வரேன்னு சொன்னா எந்த வூடும்மா தாங்கும்?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. இத்தனை வருஷமாக ஒரு வீட்டிலும் அந்த வார்த்தையைச் சொல்லாமல், வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு, அந்தந்த வீட்டுக்குக் காவலாக நடந்து போயிருக்கிறார். நாங்கள் எலுமிச்சம்பழம் கட்டியிருக்கிறோம். யாரையாவது அனுப்பு சாமி என்று வேண்டியவன் நான்தான். வந்தவரை ஜன்னலுக்கு வெளியே நிற்க விட்டவனும் நான்தான்.

அவர் எழுந்து செருப்பை மாட்டினார். செல்வி வாசல் வரைக்கும் போனாள்.

"போயிட்டு வாங்கண்ணா" என்றாள்.

ஒரு காலில் செருப்பு, ஒரு கால் தரையில், அப்படியே நின்றுவிட்டார். அவரைப் பார்த்து யாரும் அதைச் சொன்னதில்லை போலிருக்கிறது. திரும்பாமலே தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்.

இப்போது இடது கால் முக்கால்வாசி முழித்துவிட்டது. கைத்தடியோடு லைன் முழுக்க நடக்கிறேன். அடுத்த மாதம் லைட் டியூட்டி என்று கம்பெனியில் சொல்லியிருக்கிறார்கள். மலைப்படி ஏற டாக்டர் இன்னும் உத்தரவு தரவில்லை. தரும் நாளில் பேக்கிங் அண்ணனும் கூட வருகிறார், அது செல்வியின் கட்டளை. என் காலைப் பார்க்கவேண்டிய வேலை அவருக்கு இனி இல்லை. இருந்தாலும் மூன்று மணிக்கு வருகிறார். ஸ்டூலை இழுத்துத் தலைமாட்டில் போட்டுக்கொள்கிறார். காபி குடிக்கிறார். கிளம்பும்போது அவர் இன்னும் ஒன்றும் சொல்வதில்லை.

கட்டிலைப் பழையபடி திருப்பிப் போடச் சொல்லிவிட்டேன். மூன்று மணியானால், வாசலைப் பார்த்துக் காலை நீட்டிக்கொண்டு, அவர் வருகிறாரா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.