இடக்கையில் கிளவுஸ், வலக்கையில் மிட்டன்

எனக்கு ஒரு வியாதி உண்டு. எதையும் சோதித்துப் பார்க்காமல் ஒப்புக்கொள்ள மாட்டேன். கடைக்காரர் "நல்ல தேங்காய்" என்று சத்தியம் செய்தாலும் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் பையில் போடுவேன். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர் வேலை. வேலையால் இந்த வியாதி வந்ததா, வியாதியால் வேலை கிடைத்ததா என்று தெரியவில்லை. (அம்மாவைக் கேட்டால், "பொறந்ததுல இருந்தே அப்பிடித்தான்" என்பாள்.) இந்த வியாதியால் ஒரு நாள் ஒரு கம்பெனி முழுவதையும் வெளியே ஓட வைத்தேன். அது என் கம்பெனிகூட இல்லை.

அந்த வருடம் ஜனவரியில் என்னைப் பயிற்சிக்காகக் கொரியாவுக்கு அனுப்ப முடிவானது. அங்கிருக்கும் கிம் சார் வீடியோ காலில் பேசும்போது, தங்கள் டீம் தினமும் காலையில் ஆற்றங்கரையில் ஓடும் என்றார். "நானும் ஓடுவேன் சார்" என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. படப்பையில் தினமும் ஏரிக்கரையில் ஓடுகிற திமிர் பேச வைத்தது. அவர் சிரித்துவிட்டு, "கையைப் பார்த்துக்கொள்ளுங்கள், விரல் மரத்துப் போகும்" என்றார்.

அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. குளிரில் ஓட கிளவுஸ் நல்லதா, மிட்டன் நல்லதா? கிளவுஸில் ஐந்து விரலுக்கும் தனித்தனி அறை. மிட்டனில் கட்டைவிரலுக்கு மட்டும் தனி அறை, மற்ற நாலும் ஒரே கூடத்தில். தனிக்குடித்தனமும் கூட்டுக்குடும்பமும் மாதிரி. ஒன்றாக இருந்தால் ஒன்றின் சூடு இன்னொன்றுக்குக் கிடைக்குமாம். கிடைக்குமா? கேள்விப்பட்டால் போதுமா?

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கடைக்குப் போனேன்.

"இன்னாமா, வெல்டிங் கிளவுஸா?"

"இல்லண்ணா, ஓடறதுக்கு."

"ஓடறதுக்குக் கால்லதானமா போடுவாங்க?"

மிட்டன் என்றால் என்ன என்று கையை மடக்கிக் காட்டி விளக்கினேன். அவர் முகம் மலர்ந்து உள்ளே போய், முயல் படம் போட்ட ஒரு ஜோடியுடன் வந்தார். பிறந்த குழந்தை முகத்தைக் கீறிக்கொள்ளாமல் இருக்கப் போடுவது.

"கொயந்தைக்கு எத்தினி மாசம்?"

"எனக்குத்தாண்ணா."

அவர் முயலைத் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

கடைசியில் ஆன்லைனில் இரண்டும் வரவழைத்தேன். சரி, எங்கே சோதிப்பது? மார்கழிக் குளிர் என்று படப்பையில் நாங்கள் செய்வதெல்லாம் ஃபேனை ஒரு நம்பர் குறைப்பதுதான்.

ஆனால் என் வீட்டுக்காரர் பாஸ்கருக்கு வேலை ஒரகடம் பக்கத்தில் ஒரு கோல்டு ஸ்டோரேஜில். மீனும் ஐஸ்கிரீமும் பெட்டி பெட்டியாக உறைந்து கிடக்கும் இடம். அப்போதுதான் ஷிஃப்ட் இன்சார்ஜ் ஆகியிருந்தார்.

"ஒரே ஒரு ட்ரையல்ங்க. ஒரு கையில கிளவுஸ், ஒரு கையில மிட்டன். அஞ்சு நிமிஷம் ஓடிட்டு வந்துடறேன்."

"ஃப்ரீசர்ல ஓடறியா? உனக்கு இன்னா பைத்தியமா? எதனா ஆச்சுன்னா என் வேலை பூடும்டி."

நாலு நாள் நச்சரித்தேன். என் வார விடுமுறையில் விசிட்டர் பாஸ் போட்டு அழைத்துப் போனார். ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் கொடுத்து, கதவருகே இருந்த பலகையைக் காட்டினார். உள்ளே போகிறவர் அதில் உள்ள கொக்கியில் தன் டோக்கனை மாட்ட வேண்டும், வெளியே வந்ததும் எடுக்க வேண்டும். டோக்கன் தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். "தெரியும், எங்க கம்பெனியிலும் உண்டு" என்று பெருமையாக மாட்டினேன்.

ஐஸ்கிரீம் பெட்டிகளுக்கு நடுவே நான் ஓட, பாஸ்கர் வாசலில் நின்று "மெதுவா, மெதுவா" என்றார். அதற்குள் லாரி வந்துவிட்டதாக அவரைக் கூப்பிட்டார்கள். "நீயும் வெளிய வந்துடு" என்றார். "தோ வந்துட்டேன், நீங்க போங்க" என்றேன். என்னை நம்பிப் போனார்.

இன்னும் இரண்டு சுற்று ஓடிவிட்டுத்தான் வந்தேன். கிளவுஸ் போட்ட கையில் ஒவ்வொரு விரலும் தனியாக அழுதது. மிட்டன் கை வெதுவெதுப்பாக, சந்தோஷமாக இருந்தது. எனக்கு வந்த ஆனந்தத்தைச் சொல்லி மாளாது. வெளியே வந்து டோக்கனை எடுக்கப் போனால், இடக்கை விரல்கள் மரத்து மடங்கவில்லை. வலக்கை மிட்டனுக்குள் இருந்து கொக்கியைப் பிடிக்க முடியவில்லை. கழற்றினால் எடுக்கலாம். ஆனால் வெளியே வந்த பிறகும் எவ்வளவு நேரம் சூடு நிற்கிறது என்று பார்க்க வேண்டுமே? ட்ரையல் நடக்கும்போது சாம்பிளில் கை வைக்கக் கூடாது என்பது எங்கள் டிபார்ட்மென்ட்டில் வேதவாக்கு. அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று, மிட்டனால் டம்ளரைப் பிடிக்க முடிகிறதா என்று பார்க்க கேன்டீனுக்குப் போனேன்.

முடிந்தது. இரண்டாவது வாய் குடிக்கும்போது சைரன் அலறியது.

சைரன் கேட்டால் என் கால் தானாக ஓடும். டீயோடு ஓடி, எல்லோரும் கூட வேண்டிய மைதானத்தில் வரிசையில் நின்றேன். ஃப்ரீசருக்குள் யாரோ மாட்டிக்கொண்டார்களாம்.

"டோக்கன் தொங்கினே கீது, ஆளக் காணோம்" என்றார் பக்கத்தில் நின்ற செக்யூரிட்டி.

"அய்யோ பாவம்" என்றேன். அதோடு விட்டேனா? "இதுக்குத்தாங்க டோக்கன் விஷயத்துல கறாரா இருக்கணும். எங்க கம்பெனியில இப்பிடி அசால்ட்டா விட மாட்டோம்" என்று ஒரு சொற்பொழிவு வேறு. நாலு பேர் தலையாட்டினார்கள். தேடுகிற கும்பலோடு சேர்ந்து கழிவறைப் பக்கம் போய், "யாராவது இருக்கீங்களா?" என்று நானும் கூப்பிட்டுப் பார்த்தேன்.

திரும்பி வந்ததும் செக்யூரிட்டி மெதுவாகச் சொன்னார்: "நம்ம பாஸ்கர் சாரு வூட்டுக்காரம்மாவாம்."

சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் எனக்குத் தோன்றியது, 'எந்த வூட்டுக்காரம்மா? எனக்குத் தெரியாமல் இன்னொருத்தியா?' என்பதுதான். அதற்கு அடுத்த நொடிதான் பலகையில் தொங்குவது என் டோக்கன் என்று உறைத்தது.

கதவுப் பக்கம் ஓடினேன். பாஸ்கர் வெளியே வந்துகொண்டிருந்தார். லாரியருகே கழற்றிப் போட்ட ஜாக்கெட்டை எடுக்கக்கூட நிற்காமல் உள்ளே போயிருக்கிறார். வெறும் கை. புருவத்தில் வெள்ளைப் பொடி. என் பெயரைக் கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. என்னைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த டீயைப் பார்த்தார்.

திட்டியிருந்தால் தேவலை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இந்த மனிதருக்கு நான் இவ்வளவு முக்கியமா என்று எனக்கு அழுகை வந்தது. கிளவுஸைக் கழற்றி அவர் இடக்கையிலும், மிட்டனை வலக்கையிலும் மாட்டி, இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து என் வாய் சும்மா இருக்கவில்லை.

"இன்னாங்க... எந்தக் கை முதல்ல சூடாவுது?"

"வயிறுதான்டி எரியுது" என்றார். பிறகு என்னைப் பார்க்காமல், "பை மாதிரி கீதே, அதுதான்" என்றார்.

வேலை போகவில்லை. மேலே கூப்பிட்டு ஒரு வார்னிங் கொடுத்தார்கள். நானும் போய் மன்னிப்புக் கேட்டேன். கொரியாவில் மிட்டன் போட்டே ஓடினேன். விரல்கள் சௌக்கியம். தினமும் ஓடி முடித்ததும் அவருக்குப் படம் அனுப்பினேன். தினமும் ஒரே பதில்தான் வந்தது: "டோக்கன் எடுத்துட்டியா?"

இப்போதும் ஏரிக்கரையிலிருந்து திரும்பினால் வாசலில் நின்று "வந்துட்டேன்" என்று சொல்ல வேண்டும். அது வீட்டுச் சட்டம். போன வாரம் மறந்துபோய் நேராகச் சமையலறைக்குப் போய்விட்டேன். கூடத்தில் அவர் மகளிடம் சொல்வது கேட்டது.

"நிலா, உங்கம்மாவ இன்னும் காணோம். போய்த் தேடு."

"எங்கப்பா தேடறது?"

"சமையல்கட்டுல உங்கம்மா கீறா பாரு, அவளையும் கூட்டிக்கினு போ. அவ நல்லா தேடுவா."