முன்வரிசையில் ஒரே நாற்காலி

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நான், மகள், மாப்பிள்ளை மூவரும் சுகம். உன் சுகத்தையும் அத்தானுடைய முழங்காலின் சுகத்தையும் அறிய ஆசை. என் முழங்கால் பற்றிய செய்தி பிற்பகுதியில் வருகிறது. மாதக் கடைசியில் மூட்டை முடிச்சோடு உன் வீட்டுக்கே வந்துவிடுகிறேன், பின்னறையை ஒழித்து வை என்று போன வாரம் தொலைபேசியில் சொன்னேன் அல்லவா? அந்த வேலையைத் தொடங்கியிருந்தால் அப்படியே நிறுத்திவிடு. இன்னும் தொடங்கவில்லை என்றால் உன் சோம்பலுக்கு நன்றி. காரணத்தைக் கீழே விவரமாக எழுதுகிறேன். அத்தானுக்கும் படித்துக் காட்டு, அவர் பாதியில் தூங்கினாலும் பரவாயில்லை.

என் பாலே நடனப் பைத்தியம் உனக்குத் தெரியாததல்ல. குடிநீர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த காலமெல்லாம் சம்பளம் வந்ததும் நான் போன இடம் நாடக அரங்கம்தான். மேல்மாடி, கடைசி வரிசை, முன்னால் ஒரு தூண், கையில் பைனாகுலர். ஒரு தடவை உன்னையும் கூட்டிக்கொண்டு போனேன். இடைவேளை வரை பொறுமையாக இருந்துவிட்டு, "இவங்க எப்போடா பேச ஆரம்பிப்பாங்க?" என்று கேட்டாய். அன்றோடு உன்னை விட்டுவிட்டேன். ஓய்வு பெற்று மகள் வீட்டுக்கு வந்தபிறகுதான் எனக்குக் கஷ்டகாலம். இந்த ஊரில் ஆஸ்பத்திரி இருக்கிறது, பூங்கா இருக்கிறது, தெருவுக்கு ஒரு மருந்துக்கடை இருக்கிறது, அரங்கம் மட்டும் இல்லை. சாயங்காலமானால் ஜன்னலோரம் உட்கார்ந்து பக்கத்து வீட்டுக்காரர் கார் கழுவுவதைப் பார்க்கிறேன், அதற்கு யாரும் கைதட்டுவதும் இல்லை. பொறுக்க முடியாமல்தான் உன்னிடம் வருவதாக அறிவித்தேன். மகள் சமையலறைக்குள் போய்விட்டாள். கழுவி வைத்த தட்டுகளையே எடுத்து மறுபடி கழுவினாள்.

மாப்பிள்ளை இரண்டு நாள் கழித்து ஒரு ரசீதைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக் என்பது உனக்குத் தெரியும். வாயைத் திறந்து பேசினால் குளிர்ச்சி போய்விடும் என்று நினைக்கிறவர். பக்கத்து ஊர் சமூகக் கூடத்தில் ஃபிரிட்ஜ் சரிபண்ணப் போன இடத்தில், அதற்குப் பின்னால் சுவரில் 'ஞாயிறு காலை பாலே' என்று ஒட்டியிருந்ததைப் பார்த்து, உடனே எனக்காகப் பதிவு செய்திருக்கிறார். "போய்ப் பாத்துட்டு வாங்க மாமா. அப்புறமா முடிவு பண்ணுங்க," என்றார். கல்யாணமானதிலிருந்து அவர் என்னிடம் பேசிய மிக நீளமான பேச்சு அது. எனக்குப் புரிந்துவிட்டது. ஆட்டம் நன்றாக இருந்தால் நான் இங்கே இருப்பேன், சொதப்பினால் கிளம்பிவிடுவேன், இதுதான் வீட்டில் அத்தனை பேர் மனசிலும். மகள் என் கறுப்புக் கோட்டை இரண்டு முறை இஸ்திரி போட்டாள்.

ஆக, இன்று காலை பேருந்து பிடித்துப் போனேன். கூடத்துக்குள் நுழைந்ததுமே இது சாதாரண பாலே இல்லை, நவீன பாலே என்று மூக்கில் வியர்த்துவிட்டது. திரை இல்லை, மேடை இல்லை. மரத்தரை, ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, எதிர்ச்சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கம்பி, மூலையில் மடக்கி வைத்த டேபிள் டென்னிஸ் மேஜை, அவ்வளவுதான். இப்போதெல்லாம் பெரிய ஊர்களில் இப்படித்தான் செய்கிறார்களாம், பத்திரிகையில் படித்திருக்கிறேன். அடுக்கி வைத்திருந்த நாற்காலிகளில் ஒன்றை உருவி, கண்ணாடியோரம் நட்டநடுவில் போட்டு, பைனாகுலரோடு உட்கார்ந்தேன். சுற்றிலும் பார்த்தால் பார்வையாளர் என்று நான் ஒருத்தன்தான். பாவம், இவ்வளவு துணிச்சலான குழுவுக்கு ஒரே ஒரு டிக்கெட்தான் விற்றிருக்கிறது. அரங்கம் நிறைந்தால் எவ்வளவு கைதட்டல் கிடைக்குமோ அவ்வளவையும் தனி ஆளாகத் தட்டிவிடுவது என்று முடிவு செய்தேன்.

கலைஞர்கள் வாசல் வழியாகவே வந்தார்கள் அக்கா. வீட்டு உடையில் வந்து, பைகளைத் தரையில் போட்டார்கள். அவர்களில் சிவப்புக் காலுறை போட்ட ஒரு அம்மாள் அடுப்பை அணைக்கச் சொல்லி யாருக்கோ போன் செய்தபடியே வந்தார். என்ன இயல்பான நடிப்பு! கொண்டை போட்ட ஒரு பெண் நடுவில் நின்று கையைத் தட்டி, முதுகை நிமிர்த்துங்கள், முட்டியை மடக்குங்கள் என்று ஆரம்பித்ததும் கதை விளங்கிவிட்டது. நடனமே தெரியாத சிலர் நடனம் கற்றுக்கொள்ள ஒரு வகுப்புக்கு வருகிறார்கள், அதுதான் கதை. ஒன்றும் தெரியாதவரைப்போல ஆடுவதற்கு எத்தனை வருஷப் பயிற்சி வேண்டும் என்று யோசித்துப்பார். அந்தப் பெண் வலது பக்கம் என்றால் பாதிப்பேர் இடது பக்கம் திரும்பினார்கள், அதுவும் ஒரே நேரத்தில். பேருந்து ஓட்டுநராக வேஷம் கட்டியவர்தான் கதாநாயகன். காலையில் நான் ஏறிவந்த பேருந்தின் ஓட்டுநரை அப்படியே உரித்து வைத்த ஒப்பனை, தொப்பை உட்பட. ஒற்றைக்காலில் சுழலும் இடத்தில் அவர் தடுமாறி, சிவப்புக் காலுறை அம்மாளையும் இழுத்துக்கொண்டு தரையில் விழுந்தார் பார், இருவரும் விழுந்த இடத்திலேயே கிடந்து சிரித்தார்கள். நான் எழுந்து நின்று சபாஷ் சொல்லிக் கைதட்டினேன். கூடமே திரும்பி என்னைப் பார்த்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேல்மாடியிலிருந்து பார்த்த காலமெல்லாம் நடனக்காரர்களுக்கு மூச்சு வாங்கும் என்பதே எனக்குத் தெரியாது. இங்கே பாதம் தரையில் படும் சத்தம் கேட்டது, ஓட்டுநரின் முட்டி சொடக்குப் போடுவது கேட்டது, வராத அடியை அந்த அம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயல்வது கேட்டது. பைனாகுலரைக் கீழே வைத்துவிட்டேன். என் வாழ்நாளில் பாலே இவ்வளவு பக்கத்தில் வந்ததில்லை.

அப்புறம்தான் வேடிக்கை. கொண்டைக்காரப் பெண் நேரே என் நாற்காலிக்கு வந்து ரசீதை வாங்கிப் பார்த்துவிட்டு, "எழுந்திருங்க சார், இங்க பாக்குறவங்கனு யாரும் கிடையாது," என்றார். பார்வையாளர்களையும் ஆட்டத்துக்குள் இழுப்பது நவீன பாணியாம், அதையும் படித்திருக்கிறேன். மறுத்தால் காட்சி கெட்டுவிடும் என்று கோட்டைக் கழற்றிவிட்டுப் போய் நின்றேன். எனக்கு ஒவ்வொரு அசைவின் பெயரும் தலைகீழ்ப் பாடம், கால்களுக்குத்தான் அந்தப் பாடம் போய்ச் சேரவில்லை. பிளியே என்றால் முட்டியை மடக்குவது. மடங்கினேன், மறுபடி நிமிர்வதற்குக் கம்பியும் ஓட்டுநரும் தேவைப்பட்டார்கள். ஆனால் அந்தப் பெண் சொல்வதற்கு முன்பே அடுத்த அசைவின் பெயரை நான் முணுமுணுப்பதைக் கேட்டுவிட்டு, அதன்பிறகு ஓட்டுநர் என் பக்கத்தை விட்டு நகரவே இல்லை. "அடுத்தது என்ன சார்?" என்று ரகசியமாகக் கேட்டுக்கொண்டே ஆடினார். அந்த நிலையிலும் அவர் பாத்திரத்தை விட்டு வெளியே வரவில்லை.

கடைசியில் எல்லோரும் கண்ணாடியைப் பார்த்து வரிசையாக நின்று குனிந்து வணங்கி முடிக்க வேண்டும். மற்றவர்கள் தரையில் சில்லறையைத் தேடுகிறவர்கள் மாதிரி குனிந்தார்கள். எனக்கு அது மட்டும் வந்தது அக்கா. ஒரு காலைப் பின்னால் இழுத்து, கையை மெதுவாகத் திறந்து, தலையைக் கடைசியில் தாழ்த்துவது. மேல்மாடியிலிருந்து எத்தனை தடவை பார்த்திருப்பேன். கொண்டைக்காரப் பெண் எல்லோரையும் நிறுத்தி, "சார் பண்றதப் பாருங்க," என்றார். நான் மறுபடி வணங்கினேன். எனக்காகக் கைதட்டினார்கள். கண்ணாடிக்குள் வேர்த்து விறுவிறுத்து நின்ற அந்தக் கிழவரைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. சொல்ல வெட்கமில்லை.

ஆகவே முடிவு இதுதான். உலகத்தரமான நாட்டியக் குழு பேருந்து போகும் தூரத்தில் இருக்கும்போது, இந்த ஊரை விட்டு நான் எதற்கு வர வேண்டும்? அறையை நீயே வைத்துக்கொள். அத்தானுக்கு என் வணக்கம். உங்கள் இருவருக்கும் நல்ல தூக்கமும் நல்ல முழங்கால்களும் வாய்க்கட்டும்.

சின்ன வயதில் உன்னிடம் குட்டு வாங்கி வளர்ந்த,
தம்பி

பி.கு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் தொலைபேசி அடித்தது. மாப்பிள்ளைதான் எடுத்தார். கேட்கக் கேட்க அவர் முகம் கறுத்தது. வாயைக் கையால் பொத்திய தொலைபேசியோடு என் முன்னால் வந்து நின்றார். "மாமா, அது ஷோ இல்லையாம். புதுசா கத்துக்கிறவங்களுக்கு வகுப்பாம். நோட்டீஸ்ல கீழ் வரி ஃபிரிட்ஜுக்குப் பின்னால மறைஞ்சிருக்கு. நகத்திப் படிக்காம விட்டுட்டேன்," என்றார். ஆக அக்கா, மேலே நான் எழுதிய விமர்சனம் முழுவதும் ரத்து. அவர்களுக்கு நிஜமாகவே ஆடத் தெரியாது. ஓட்டுநர் நிஜமாகவே ஓட்டுநர், விழுந்தது நிஜமாகவே விழுந்தது. குழுவும் இல்லை, கலைஞர்களும் இல்லை. என் கணக்குப்படியே நான் கிளம்ப வேண்டியவன். மகள் சமையலறை வாசலில் வந்து நின்றாள், கையில் கழுவிய தட்டு. மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டே, "உங்க அக்கா வீட்டுக்கு வண்டிய நானே பிடிச்சுத் தர்றேன் மாமா," என்றார். போனில் இருப்பது யார் என்று கேட்டேன். அந்த டீச்சர்தானாம். அடுத்த ஞாயிறு வருவதாக இருந்தால் எனக்கு பாலே ஷூ எடுத்து வைக்க வேண்டுமாம், கால் அளவு கேட்கிறாராம்.

"எட்டுனு சொல்லுங்க மாப்பிள்ளை," என்றேன். "இடது கால் கொஞ்சம் பெரிசுனும் சொல்லுங்க."