தொடுப்பு கேட்டு எழுதிய டீமேக்கரையா

மூன்றாம் வகுப்போடு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அந்த மூன்று வகுப்பை வைத்துக்கொண்டு கொட்டகலை கடைத்தெருவில் என்னென்ன கட்டினேன் என்று கேளுங்கள். இந்தச் சரிவில் கட்டிடம் நிற்காது என்று படித்த எஞ்சினியர் கையை விரித்த இடத்தில் மூன்று மாடி கட்டினேன். எத்தனையோ மழையைப் பார்த்துவிட்டது, இன்னும் நிற்கிறது. ஒரு போட்டோ பிரதி எடுக்க ஹட்டனுக்கு பஸ் ஏறிக்கொண்டிருந்த ஊருக்கு, போனும் கணினியும் வைத்து ஒரு கொமினிகேசன் கடை கட்டினேன். கோயிலுக்குச் சுற்றுமதில் கட்டினேன். தொழில்காரர்கள் ஒருவரையொருவர் தெரிந்துகொள்ளும் அந்த வலைத்தளத்தில் ஐந்நூறு பேருக்கு மேல் பழக்கத்தைக் கட்டினேன். அதில் பாதிப்பேர் பட்டதாரிகள்.

இத்தனையும் கட்டிய என்னால் ஒரே ஒரு மனிதரைத்தான் கட்டி மேய்க்க முடியவில்லை. அவர்தான் டீமேக்கரையா. இணையத்துக்குள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நுழைந்தவர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

பக்கத்துத் தோட்டத்துத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் தேயிலை தயாரித்தவர். கண்ணை மூடிக்கொண்டு மூக்கை நீட்டினால் போதும், உள்ளே கொழுந்து எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடுவார். அந்தத் தொழிற்சாலையை ஒருநாள் மூடிவிட்டார்கள். மூன்று மாதத்துக்குள், தோட்டம் கொடுத்த குவாட்டஸ் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று கடிதமும் வந்துவிட்டது. வேறு தோட்டத்தில் வேலை கிடைத்தால்தான் அவருக்கும் மனைவிக்கும் அடுத்த கூரை.

"கடிதாசி எழுதிக் காத்திருக்கிற காலமெல்லாம் போச்சுங்கய்யா. இப்ப எல்லாத் தொரமாரும் இதுலதான் இருக்காங்க" என்று என் கடைக் கணினியில் அந்த வலைத்தளத்தைக் காட்டினேன்.

அவர் உடனே எழுந்து நின்றுவிட்டார். "இதுக்குள்ளயா மொதலாளி?"

செருப்பு அந்த நிமிடமே வாசலுக்குப் போனது. அன்றிலிருந்து அவர் காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போகிறவர்போல நேரம் தவறாமல் என் கடைக்கு வந்தார். துரைமாருடைய, அதாவது தோட்ட மனேஜர்மாருடைய, பக்கம் திரையில் வந்தால் எழுந்து நின்று தட்டச்சு செய்வார். கிளாக்கர்மார் பக்கம் என்றால் உட்காருவார். யார் பெரியவர், யார் சின்னவர் என்று தெரியாத பதவிப் பெயர் வந்தால் அரைவாசி எழுந்து, அரைவாசி உட்கார்ந்து, அப்படியே தட்டச்சு செய்வார்.

படம் போட வேண்டும் என்றேன். தேயிலை அரைக்கும் ரோலர் மெசினின் படம் ஒன்றைக் கொண்டுவந்தார். ஓரத்தில் அவருடைய ஒரு காது மட்டும் தெரிந்தது.

"மொகம் தெரியணுங்கய்யா."

"மொகத்துக்கா வேல குடுக்கிறாங்க? மெசின எப்பிடித் தொடச்சு வச்சிருக்கேன்னு பாக்கட்டும்."

மூன்றாம் நாள் பெரிய வில்லங்கம் வந்தது. நாம் ஒருவருடைய பக்கத்தைப் பார்த்தால், பார்த்த செய்தி அவருக்குப் போய்விடும் என்று நான் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். டீமேக்கரையாவுக்கு வியர்த்துவிட்டது.

"அப்ப நான் எட்டிப் பாத்ததெல்லாம் அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியட்டுமே. அதுக்குத்தானே இது."

"என்னாங்க பேசுறீங்க? கதவத் தட்டாம உள்ள போய்ட்டு, சொல்லாம வந்தா அது என்னா பழக்கம்?"

அன்று முழுவதும் மன்னிப்புக் கடிதம் எழுதினார். 'ஐயா, நேற்று மாலை நாலு பத்துக்குத் தங்கள் பக்கத்தை எட்டிப் பார்த்தது நான்தான். தவறான நோக்கம் எதுவும் இல்லை.' இப்படி இருபத்திரண்டு பேருக்கு. அதோடு விட்டாரா? அவருடைய பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போனவர்களுக்கும் எழுதினார். 'வந்தீர்கள், ஒரு வாய் தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டீர்கள். மனதுக்குச் சங்கடமாக இருக்கிறது.'

இன்னொரு நாள், பொல்பிட்டிய மின்நிலையப் பக்கம் வேலை செய்யும் யாரோ ஒருவர், இவருக்குத் தலைமைத்துவத் திறமை உண்டு என்று ஒரு பொத்தானை அழுத்திச் சான்று கொடுத்திருந்தார். அழுத்துவது ஒரு வினாடி வேலை. டீமேக்கரையா ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு, பஸ் மாறி பஸ் மாறி நேரில் போய் நன்றி சொல்லிவிட்டு வந்தார்.

"என்னா சொன்னாரு?" என்று கேட்டேன்.

"கைதவறி அழுத்திட்டாராம். நல்ல மனுசன். பழத்தத் திருப்பிக் குடுக்க வந்தாரு, நான்தான் வாங்கல."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். குவாட்டஸைக் காலி செய்யப் பத்தொன்பது நாள்தான் இருந்தது. மனைவி பாத்திரங்களைச் சாக்கில் கட்டத் தொடங்கிவிட்டார். வேலை மட்டும் வரவில்லை.

அப்போதுதான் அந்த அறிவிப்பு வந்தது. பொகவந்தலாவையில் புதிதாகத் திறக்கும் ஒரு சிறிய தொழிற்சாலைக்கு டீமேக்கர் தேவை. அறிவித்தவர் அதன் மனேஜர், ஒரு தமிழ்ப் பெண்மணி. முதலில் அவரோடு தளத்தில் இணைய வேண்டும், அதற்கு ஒரு குறிப்பு எழுத வேண்டும்.

எப்படிக் கூப்பிடுவது என்பதிலேயே ஒரு பகல் போய்விட்டது. துரைசாணி என்றால் துரையின் மனைவி. இவர் தானே துரையாக இருக்கிறாரே! கடைசியில் 'பெண்துரை அவர்களுக்கு' என்று முடிவானது. அடுத்த சிக்கல், தளத்தில் கனெக்சன் என்கிறார்களே, அதற்குத் தமிழ். டீமேக்கரையா என்னைப் பார்த்தார். கடைத்தெருவில் யாருக்கு வார்த்தை தட்டுப்பட்டாலும் என்னிடம்தான் வருவார்கள். கணினித் தமிழ்ப் புத்தகம் ஒன்றில் அந்த மாதிரி விஷயத்துக்கு 'தொடுப்பு' என்று போட்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். சொன்னேன்.

அவர் விரல் அந்தரத்தில் நின்றது. "மொதலாளி, அந்த வார்த்த ஒரு மாதிரியா இல்ல?"

"அது பேச்சுல. எழுத்துல வேற. போடுங்கய்யா, நான் சொல்றேன்ல?"

போட்டார். அடியில் என் கடைப் போன் நம்பரோடு, குறிப்பு இப்படிப் போனது: 'மதிப்புக்குரிய பெண்துரை அவர்களுக்கு, தங்களோடு நிரந்தரத் தொடுப்பு வைத்துக்கொள்ள விரும்புகிறேன். இதில் எனக்கு முப்பத்தொரு வருட அனுபவம் உண்டு. முந்திய இடத்தில் யாரும் குறை சொன்னதில்லை. என் மனைவிக்கும் முழுச் சம்மதம்.' கடைசி வரி எதற்கு என்று கேட்டேன். "வீடு மாறணும்ல, அவளும் ஒத்துக்கணும்ல" என்றார். நியாயமாகத்தான் பட்டது.

எங்கள் மலைப்பக்கத்தில் அந்த வார்த்தைக்கு, கட்டியவள் இருக்கும்போது ஒருவன் வெளியே வைத்துக்கொள்ளும் உறவு என்பதைத் தவிர வேறு பொருள் கிடையாது. அது எனக்கு உறைத்தது மறுநாள் காலை, கடைப் போன் அடித்தபோதுதான்.

"அலோ, அங்க டீமேக்கர்னு ஒருத்தர் இருக்காருங்களா?"

"இருக்காருங்க. நீங்க யாரு?"

"அவரு யாருகிட்ட தொடுப்பு கேட்டாரோ, அந்த ஆளுதான்."

என் கையிலிருந்த போன் கனத்தது. அந்த அம்மா விடவில்லை. "நானும் தோட்டத்து லயத்து வீட்டுல பொறந்து வளந்தவதாங்க. இந்த வார்த்தைய எங்கம்மா கேட்டிருந்தா வெளக்குமாத்த எடுத்திருப்பாங்க."

கட்டிய மனைவியிடம்கூட நான் தப்பு என்று ஒத்துக்கொண்டவன் இல்லை. அன்று ஒத்துக்கொண்டேன். "அம்மா, வார்த்த என்னோடதுங்க. அவரு வேணாம்னுதான் சொன்னாரு. மனுசன் தங்கமுங்க."

அதற்குள் டீமேக்கரையா எழுந்து, செருப்பு ஏற்கெனவே வெளியே இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, போனை இரண்டு கையாலும் வாங்கினார்.

"பெண்துரை அவங்களுக்கு வணக்கமுங்க. வார்த்த அவரு சொன்னதுதான். வெரலு என்னோடதுங்க. தப்பு எனக்குத்தான். இன்னொண்ணும் சொல்லிடுறேங்க. இந்த வாரம் உங்க பக்கத்த பதினோரு தடவ பாத்தேன். ஏழு தடவைக்குத்தான் எழுதி மன்னிப்புக் கேட்டேன். இன்னும் நாலு இருக்கு."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். முடிந்தது, பாத்திரச் சாக்கு தெருவுக்குத்தான் என்று நினைத்தேன். மறுமுனையில் சிரிப்பு கேட்டது. போன் என் காதில் இல்லை, எனக்கே கேட்டது.

சிரித்து முடித்துவிட்டு அந்த அம்மா அதே சத்தத்தோடு கேட்டார்: "ஐயா, தூளு கருகிப் போனா என்னா செய்வீங்க?"

"கருகிப் போச்சுன்னு எழுதி வைப்பேங்க."

"தொர திட்டினா?"

"திட்டினாருன்னும் எழுதி வைப்பேங்க."

"போன எடத்துல என் டீமேக்கர் கருகினத நல்ல தூளோட கலந்து மறச்சாரு. எனக்கு எழுதி வைக்கிற ஆளுதான் வேணும். திங்கக்கெழம வாங்க. வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்க. அவங்க சம்மதத்த நான் நேர்ல கேக்கணும்."

போனை வைத்த பிறகும் அவர் விறைத்தபடி நின்றார்.

"உக்காருங்கய்யா, அவங்க போயிட்டாங்க."

"உக்காரத்தான் பாக்குறேன் மொதலாளி. காலு மடங்க மாட்டேங்குது."

இப்போது பொகவந்தலாவையில் அவருக்குக் குவாட்டஸும் இருக்கிறது, மூக்கை நீட்ட ஒரு தொழிற்சாலையும் இருக்கிறது. போன மாதம் தன் பக்கத்தில் நன்றி அறிவித்திருந்தார். பெண்துரைக்கு நன்றி. கைதவறி அழுத்தியவருக்கு நன்றி. சாமான் ஏற்றிப் போன லொறிக்கு நன்றி. கடைசி வரியில், 'கொட்டகலையில் கணினி தந்து உதவிய கடைக்கும் நன்றி.'

கடைக்கா? கடைக்கு வாய் இருக்கிறதா? 'இணைய விரும்புகிறேன்' என்று ஊரே எழுதுவதைப்போல எழுதியிருந்தால் அந்த அம்மா படித்திருப்பாரா, போன் எடுத்திருப்பாரா? அந்த ஒரு வார்த்தையால் அல்லவா எடுத்தார்! அதைச் சொன்னது யார்?

ஆகையால், நாலு பேர் படிக்கிற இந்தப் பத்திரிகையிலேயே கேட்கிறேன். டீமேக்கரையா, உங்களுக்கு வேலை கிடைத்ததில் என் பங்கு என்ன என்பதை, என் பெயர் போட்டு, ஒன்று விடாமல் நீங்கள் எழுதியாக வேண்டும். அங்கே உட்கார்ந்து எழுதி அனுப்பினால் நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். இங்கே வந்து, என் கண்முன்னால் எழுத வேண்டும். ஒரு நாளில் முடியாவிட்டால், மறுநாளும் வாருங்கள்.