இருந்தபடியே நடக்கும் இதயம்

யாழ்ப்பாண நகரில், ஒரு மண்டபத்தின் மூன்றாம் மாடியில் அற்புதம் நடக்கிறதாம். குருநகரிலிருந்தே இரண்டு பஸ் நிறையச் சனம் போனது. மாஸ்ரர் ஜெறோமின் காந்த வளையத்தைக் கையில் மாட்டினால், இருந்த இடத்திலேயே இதயம் பத்தாயிரம் அடி நடந்துவிடுமாம். கால் எதற்கு? கழுவித் துடைத்து வைத்துக்கொள்ளலாம்!

என் தம்பி அடைக்கலநாதனுக்கு நெஞ்சு வருத்தம். தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொன்னார் டொக்டர். நான்தான் தடுத்தேன். அவன் மகள் றொசாந்திக்குக் கலியாணம் பேசும் நேரத்தில் அவன் தெருவில் வேர்க்க வேர்க்க நடந்தால், நோயாளி வீடு என்று பெயர் வராதா? வளையம் சட்டைக்கைக்குள் மறைந்துவிடும். தம்பி, றொசாந்தி, நான் மூவரும் போனோம்.

படியேறி முடித்ததுமே விரலில் கருவியை மாட்டினார்கள். தம்பியின் நாடித்துடிப்பு நூற்றுப் பதினெட்டு. வளையத்தைப் பூட்டி, பத்து நிமிடம் கண்மூடி இருக்க வைத்தார்கள். எண்பத்திரண்டு! சனம் கைதட்டியது. நானும் தட்டினேன், பலமாகவே.

"மாஸ்ரர், இப்ப ஏறி வந்த இந்த அன்ரி வளையம் போடாமல் இருக்கட்டும்" என்றாள் றொசாந்தி.

பத்து நிமிடம். அன்ரியின் துடிப்பும் நூற்று இருபதிலிருந்து எண்பத்து நாலானது.

"மண்டபம் முழுக்கக் காந்தம் பரவிக் கிடக்குது, பிள்ளை."

"அப்ப ஆறு வளையம் போட்ட உங்களுக்கு என்ன குறை? கீழை போய் ஒருக்கா ஏறி வாங்கோ. துடிப்பைப் பாப்பம்."

"ஓம், ஏறிக் காட்டுங்கோ!" என்றது சனம்.

மாஸ்ரர் இறங்கினார். ஏறவில்லை. எட்டிப் பார்த்தோம். ஓட்டோவில் போய்க்கொண்டிருந்தார்.

"சபையிலை மானத்தை வாங்கிப்போட்டியே! அப்பாவுக்கு வருத்தமெண்டு எல்லாருக்கும் தெரிஞ்சிட்டுது" என்று சீறினேன்.

"பெரியப்பா, அப்பாவுக்கு ஏதும் ஆயிட்டால், கலியாணத்தண்டு மாதா கோயிலுக்கை என்ரை கையைப் பிடிச்சு ஆர் நடக்கிறது? வளையத்தை அனுப்புவியளோ?"

தம்பியின் கையிலிருந்த வளையத்தைக் கழற்றி வைத்தேன்.

மறுநாள் காலை தம்பியோடு நானும் கடற்கரை வீதியில் நடந்தேன். எதிரே வந்த அயல்வீட்டு லெனாட் மோட்டார் சைக்கிளை நிறுத்தினான்.

"என்னண்ணை, நடந்து போறியள்?"

"தம்பிக்கு நெஞ்சு வருத்தம். அதுதான் நடக்கிறம்" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

"நான் உந்த வளையம் ஒண்டு வாங்குவமெண்டு..."

"காலும் மூளையும் ஆண்டவர் பிறக்கேக்கையே தந்து விட்டது, லெனாட். ரெண்டையும் கொஞ்சம் பாவிச்சுப் பாரும்!"