கப்பல்காரனிடமே அட்வான்ஸ் வாங்கியவர்

கப்பலில் போகிற எல்லாரும் கப்பல்காரனுக்கு அட்வான்ஸ் கொடுப்பார்கள். கப்பல்காரனிடமே அட்வான்ஸ் வாங்கிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் திருநெல்வேலி டவுணில் எங்கள் வீட்டுச் சொந்தக்காரர். பெயரைச் சொன்னால் தபால்காரர்கூட முழிப்பார். அண்டா அண்ணாச்சி என்று கேட்டால் ஊர் நுழைவிலுள்ள ஆர்ச்சிலிருந்தே வழி சொல்வார்கள்.

கீழே அவருடைய வாடகைப் பாத்திரக் கடை. மாடியில் நானும் என் மகளும் குடியிருந்தோம். என் கணவர் மஸ்கட்டில் லாரி ஓட்டுகிறார். நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். அடுத்தவர் தப்பைக் கண்டுபிடிப்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. என் தப்பு பின்னால் வருகிறது, பொறுங்கள்.

கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை எதுவானாலும் அண்டாவும் இட்லிக் கொப்பரையும் அண்ணாச்சி கடையிலிருந்துதான் போகும். போகும்போது ஒவ்வொரு பாத்திரத்தையும் விரல் முட்டியால் தட்டி, கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்பார். திரும்பி வரும்போதும் அதே தட்டல். சத்தம் மாறியிருந்தால் எங்கேயோ நசுங்கியிருக்கிறது என்று அர்த்தம். தட்டி முடித்ததும் தலையை உள்ளே விட்டு மோந்து பார்ப்பார். சைவக் கல்யாணம் என்று சொல்லி வாங்கிப் போய் ஒருவர் கறி வைத்ததை நாலு தடவை புளி போட்டுத் துலக்கிய பிறகும் கண்டுபிடித்து, "ஏ வே, சம்பந்தி வீட்டுக்குத் தெரியுமா?" என்று கேட்டு, அந்த மனிதரைத் தெருவிலேயே கையெடுத்துக் கும்பிட வைத்தவர் அவர். நான் வீடு வாடகைக்குக் கேட்டுப் போன அன்று கதவு, குழாய், சுவிட்ச் பலகை எல்லாவற்றையும் தட்டிக் காட்டி எழுதி வாங்கினார். என் மண்டையை மட்டும்தான் தட்டிப் பார்க்கவில்லை.

பாத்திரம் பத்திரமாக வந்துவிட்டாலும் அட்வான்ஸ் உடனே வராது. "மூணு நாளு கழிச்சு வாரும்" என்பார். பெண்ணைக் கட்டிக் கொடுத்துவிட்டுக் கையில் காலணா இல்லாமல் நிற்கிற தகப்பனுக்கும் மூன்று நாள்தான். ஒருநாள் எனக்குப் பொறுக்காமல், "ஏன் அண்ணாச்சி, சாமான் வந்துட்டுல்லா, குடுத்தா என்ன?" என்று கேட்டேன்.

"தங்கச்சி, அட்வான்ஸ் கெடந்தாத்தான் ஆளு திரும்பி வரும்."

"ஆளு வந்து நிக்கான்லா அண்ணாச்சி!"

"இன்னொரு தடவ வரட்டும்" என்றார். அதற்கு மேல் அவரிடம் பேச முடியாது.

இப்படிப்பட்டவரைக் கப்பலில் ஏற்றியது மதினி. அவர் மனைவியைத் தெருவே மதினி என்றுதான் கூப்பிடும். முப்பது வருஷமாக அந்தக் கடையில் பாத்திரம் துலக்குவதை மேற்பார்க்கிறவர், ஆள் வராத நாளில் தானே உட்கார்ந்து துலக்குகிறவர். அவருக்கு ஒரே ஓர் ஆசை. "இஞ்சேருங்க, நான் கழுவாத தட்டுல மூணு நாளு சாப்பிடணும். அம்புட்டுதான்." சென்னையிலிருந்து கிளம்பிக் கடலைச் சுற்றிவிட்டுச் சென்னைக்கே திரும்பும் உல்லாசக் கப்பல் ஒன்று இருப்பதை அவர் போனில் பார்த்துவிட்டார். சீட்டுப் போட்டுச் சேர்த்த பணத்தில் மூன்று டிக்கெட் எடுத்தார். மூன்றாவது எனக்கு, பேச்சுத் துணைக்கு. மகள் கல்லூரி விடுதியில் இருந்ததால் நானும் சரி என்றேன்.

"பொறப்பட்ட எடத்துக்கே திரும்பி வாரதுக்கு இம்புட்டுத் துட்டா? டவுண் பஸ்ஸுக்காரங்கூட ஜங்ஷன்ல எறக்கி விடுதான்" என்று ரயிலில் தாம்பரம் வரை சொல்லிக்கொண்டே வந்தார் அண்ணாச்சி.

துறைமுகத்தில் பையைச் சோதித்த காவலர், அண்ணாச்சி சுக்குவெந்நீர் போடக் கொண்டுவந்த கரண்ட் கெட்டிலை எடுத்து ஓரமாக வைத்தார். உள்ளே அனுமதியில்லை, இறங்கும்போது வாங்கிக்கொள்ளலாம் என்றார்.

"வச்சுக்கிடும். அட்வான்ஸ் எம்புட்டுத் தாரீரு?"

"என்னது சார்?"

"என் சாமான் ஒம்ம கைக்கு வந்துட்டுல்லா? வாடகை வேண்டாம் வே. அட்வான்ஸ் குடும்."

பின்னால் ஐம்பது பேர் நின்றார்கள். காவலர் டோக்கனைக் காட்டினார், விதியைச் சொன்னார், கடைசியில் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு பத்து ரூபாய்த் தாளை எடுத்து நீட்டினார். அண்ணாச்சி கெட்டிலைத் தட்டிச் சத்தம் கேட்டார். தன் கணக்கு நோட்டை எடுத்து, "கெட்டில் 1, மூடி இறுக்கம், முன்பணம் ரூ.10" என்று எழுதிக்கொண்டார். நான் எனக்கும் அவருக்கும் சம்பந்தமில்லாதது மாதிரி கூரையைப் பார்த்தேன்.

அடுத்த மேசையில் என் தப்பு காத்திருந்தது. கழுத்தில் துணி கட்டிய சென்னைப் பெண் ஒருத்தி விளக்கினாள். கப்பலுக்குள் ரொக்கம் செல்லாது. அறைச் சாவியாக ஓர் அட்டை தருவார்கள். இளநீரோ போட்டோவோ அதைக் காட்டித்தான் வாங்க வேண்டும், கடைசி நாளில் மொத்தமாகக் கணக்கு. அதற்கு ஈடாக இப்போதே கிரெடிட் கார்டைப் பதியலாம், அல்லது ஆளுக்கு ஐயாயிரம் ரொக்கமாகக் கட்டலாம்.

அண்ணாச்சியின் இடுப்பு பெல்ட்டில் கட்டுக்கட்டாக ரொக்கம் இருந்தது. ஆனால் அவர் அசையவில்லை. "அட்வான்ஸ் வாங்குதவன் நானு. குடுத்துப் பழக்கமில்ல."

"அப்படின்னா ஏற முடியாது சார்."

"ஏறாமலே திரும்பிப் போறேன்."

மதினியின் முகம் சுருங்கியது. எனக்கு வந்ததே கோபம். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. என் பர்ஸிலிருந்த ஒரே கார்டை, அதுவும் கிரெடிட் அல்ல, வங்கியின் டெபிட் கார்டை எடுத்து மேசையில் வைத்து, "ரெண்டு ரூமுக்கும் இதுலயே போட்டுக்கங்க" என்றேன்.

"டெபிட்டா மேடம்? பணம் எடுக்க மாட்டோம், ஆனா கொஞ்சம் நிறுத்தி வைப்போம். பரவாயில்லையா?"

எடுக்க மாட்டோம் என்பது காதில் விழுந்தது. நிறுத்தி வைப்போம் என்பது விழவில்லை. அந்தக் கணக்கில் ஐம்பத்தையாயிரம் இருந்தது. அதில் நாற்பத்திரண்டாயிரம், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு என் கணவர் அனுப்பியது. கட்டக் கடைசி நாள் திங்கள்கிழமை. கப்பல் ஞாயிறு காலை கரை சேரும், திங்கள் காலை ஊரில் இருப்போம், கட்டிவிடலாம் என்பது என் கணக்கு.

மதினியும் நானும் ஓர் அறை. குறட்டை காரணமாக அண்ணாச்சிக்குத் தனி அறை. அறைக்குள் போனதும் அவர் செய்த முதல் வேலை எல்லாவற்றையும் தட்டி எண்ணியது. "துண்டு 4, கோப்பை 2, அதில் ஒன்று விளிம்பு நசுங்கல், தண்ணீர் பாட்டில் 2, கடலைப் பாக்கெட் 1" என்று எழுதி, அறையைச் சுத்தம் செய்ய வந்த மணிப்பூர்க்காரரிடம் கையெழுத்து வாங்கினார். கடலைப் பாக்கெட்டின் மேல் தானும் ஒரு கையெழுத்துப் போட்டு வைத்தார்.

மதினிக்குச் சிறகு முளைத்துவிட்டது. அட்டையைக் காட்டினார், இளநீர் வந்தது. அட்டையைக் காட்டினார், தொப்பி போட்ட கேப்டனோடு போட்டோ வந்தது. "ஏட்டி, துட்டே குடுக்கல. சும்மா காட்டுனேன்" என்று என் காதில் கிசுகிசுத்தார். மூன்று வேளையும் சாப்பிட்ட தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்தார். முதல் நாள் மட்டும் பழக்கதோஷத்தில் நாலு தட்டை அடுக்கிவிட்டார்.

அண்ணாச்சி தினமும் காலையில் வரவேற்பு மேசையில் ஆஜர். "நேத்து வரைக்கும் என்ன பற்று?" என்று கேட்டு அச்சடித்த தாளை வாங்கி வரிவரியாகப் படிப்பார். சனிக்கிழமை ஒரு வரியில் விரல் நின்றது.

"கடலைப் பாக்கெட்டு நூத்தம்பதா? யாரு தின்னா?"

"உங்க ரூம்தான் சார்."

அவர் நோட்டை எடுத்தார். மடியிலிருந்து பாக்கெட்டை எடுத்தார். கையெழுத்தைக் காட்டினார். அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, சரக்கு எண்ணுகிறவர்கள் தவறு என்று சொல்லி வரியை அடித்தாள். நான் வாழ்நாளில் அவ்வளவு நேர்த்தியாகப் பிழை திருத்தியதில்லை.

அடுத்த வரியை நான் எட்டிப் பார்த்தேன். கால் பிடித்துவிட்டதற்கு இரண்டாயிரம். மதினி தூணுக்குப் பின்னால் நகர்ந்தார். அண்ணாச்சி தாளைத் தாழ்த்தினார்.

"வலி போச்சா?"

"போச்சுங்க."

"அப்பம் சரி" என்று அடுத்த வரிக்குப் போய்விட்டார். அந்த மனிதர் மேல் எனக்கு முதன்முதலாகப் பிரியம் வந்தது அப்போதுதான்.

ஞாயிறு காலை, கரை தெரிந்ததும் என் போனுக்கு உயிர் வந்தது. வங்கியிலிருந்து வரிசையாகக் குறுஞ்செய்திகள். ஏறிய அன்று பதினைந்தாயிரம். மறுநாள் ஆறாயிரம். அதற்கு மறுநாள் இன்னும் ஆறாயிரம். மீதி இருபத்தெட்டாயிரம். வரவேற்பு மேசைக்கு ஓடினேன்.

மொத்தச் செலவு ஒன்பதாயிரத்துச் சொச்சம்தான். செலவு ஏற ஏற, ஈடாகக் கூடுதலாக நிறுத்தி வைத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். பேச்சுச் சத்தம் கேட்டு அண்ணாச்சி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் இடுப்பு பெல்ட்டை அவிழ்த்து, மொத்தச் செலவையும் ரொக்கமாக எண்ணி வைத்தார்.

"பற்று முடிஞ்சு. ரூம்ல சாமான் எல்லாம் சரியா இருக்கு, தட்டிப் பாத்துக்கிடுங்க. தங்கச்சி அட்வான்ஸ திருப்பிக் குடுங்கம்மா."

"நாங்க இப்பவே விட்டுருவோம் சார். ஆனா பேங்க்ல அவங்க கணக்குக்குத் திரும்ப ஏழு நாள், பத்து நாள்கூட ஆகலாம். கிரெடிட் கார்டா இருந்தா சொந்தப் பணம் மாட்டியிருக்காது. முதல்லயே ரொக்கமா கட்டியிருந்தா மீதிய இங்கயே இப்பவே கொடுத்திருப்போம்."

"அதெப்படி? பொருளு ஒங்க கைக்கு வந்துட்டு. பில்லும் கட்டியாச்சு. பொறவு எதுக்கு அந்தப் பிள்ளை பணத்தப் பிடிச்சு வைக்கணும்? பிள்ளை பீசு நாளைக்குக் கட்டணும்லா!"

நான் இருந்த ஆத்திரத்தில் வாய் நிற்கவில்லை. "நம்ம கடையில மூணு நாளு அண்ணாச்சி. இங்கன பத்து நாளு. அம்புட்டுதான் வித்தியாசம்."

மதினி என் கையைக் கிள்ளினார். அண்ணாச்சி பெல்ட்டை மறுபடி கட்டிக்கொண்டார். மேல்தளத்துக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் மன்னிப்புக் கேட்கப் பின்னாலேயே போனேன்.

"இப்பிடித்தான் முழிச்சிருப்பானுவளோ?" என்றார், கடலைப் பார்த்தபடியே. "பொண்ணக் கட்டிக் குடுத்துட்டு வந்து நிப்பானுவளே, அவனுவ."

இறங்கும்போது கெட்டில் வந்தது. தட்டிப் பார்த்தார். அந்த நொடியே பத்து ரூபாயை எடுத்துக் காவலர் கையில் வைத்தார். "சாமான் வந்துட்டு. துட்டு நிக்கக்கூடாது வே."

திங்கள் காலை ஊருக்கு வந்ததும், கணவருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மாடியில் உட்கார்ந்திருந்தேன். கீழே கடையில் ஆள் அரவம். எட்டிப் பார்த்தால், அட்வான்ஸைத் திரும்ப வாங்காமல் இருந்த மூன்று பேரைப் போன் போட்டு வரவழைத்து எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதில் ஒருவர், "அண்ணாச்சிக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று மதினியிடம் பைய விசாரித்தார்.

பிறகு அண்ணாச்சி படியேறி வந்து ஒரு துணிப்பையை என் முன்னால் வைத்தார். "நாப்பத்திரண்டு இருக்கு. எண்ணிக்கோ. பேங்க் தொறந்திருக்கும்."

"வேண்டாம் அண்ணாச்சி" என்றேன்.

"என்ன வேண்டாம்? தானமாவா குடுக்கேன்? வாடகைக்குக் குடுக்கேன். வாடகை கெடையாது. அட்வான்ஸ் மட்டும் குடு."

"எங்கிட்ட என்ன அண்ணாச்சி இருக்கு?"

"எதையாவது குடு. தொழில்முறைன்னு ஒண்ணு இருக்குல்லா?"

பர்ஸைக் கவிழ்த்ததில் கப்பலின் அறை அட்டை விழுந்தது. அதை எடுத்து மேசையில் தட்டினார். கண்ணை மூடிச் சத்தம் கேட்டார். "நசுங்கல் இல்ல" என்று சொல்லிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். மதியம் இரண்டு மணிக்குள் கட்டணம் கட்டியாகிவிட்டது. "ரசீது வந்துட்டும்மா" என்று மகள் போனில் சொன்னபோது வங்கி வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். நிறுத்தி வைத்த பணம் ஒன்பதாம் நாள் திரும்பியது. அன்றைக்கே அண்ணாச்சியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அட்டையைக் கேட்க மறந்துவிட்டேன்.

போன வருஷம் மகளுக்குப் பாளையங்கோட்டையில் வேலை கிடைத்து வீடு மாறினோம். அண்ணாச்சி கதவு, குழாய், சுவிட்ச் எல்லாவற்றையும் தட்டினார். வீட்டு அட்வான்ஸை அங்கேயே, அந்த நிமிஷமே எண்ணி என் கையில் கொடுத்தார். கல்லாவுக்கு மேல் ஆணியில் அந்தக் கப்பல் அட்டை தொங்கியது. எடுக்கலாம் என்று கையை நீட்டினேன்.

"அது இங்கன கெடக்கட்டும் தங்கச்சி" என்றார், என்னைப் பார்க்காமல், ஓர் அண்டாவைத் தட்டிக்கொண்டே. "அட்வான்ஸ் கெடந்தாத்தான் ஆளு திரும்பி வரும்."

வாராவாரம் போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.